குச்சி வேர்விட ஐபிஏவா, என்ஏஏவா?

வெட்டி நட்ட குச்சியில் வேர் பிடிக்க வைக்க நர்சரிகளில் அதிகம் புழங்குபவை இரண்டு ஆக்சின்கள், அதாவது செடி வளர்ச்சியைத் தூண்டும் பொருட்கள். ஒன்று இண்டோல் பியூட்டிரிக் அமிலம், அதாவது ஐபிஏ. இன்னொன்று நாப்தலீன் அசிட்டிக் அமிலம், என்ஏஏ. இரண்டுமே வேரைத் தூண்டும் என்று சிம்மர்மேன், வில்காக்சன் என்ற ஆய்வாளர்கள் 1935இல் காட்டினார்கள். அதற்காக ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று என்று அதே அளவில் எடுத்துவிடக் கூடாது.

செடியிலேயே சுரக்கும் ஆக்சினான ஐஏஏ (இண்டோல் அசிட்டிக் அமிலம்) இருக்கிறதே, அது போதாதா? போதாது. வெளிச்சம் பட்டால் அது சிதையும், செடியின் நொதிகளும் அதைச் சீக்கிரம் உடைத்துவிடும். ஐபிஏ அப்படியில்லை. பெரும்பாலும் தடவிய இடத்திலேயே தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஐஏஏவாக மாறி வேலை செய்யும். அளவு சற்றுக் கூடினாலும் குச்சி தாங்கிக்கொள்ளும். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இதைத்தான்.

என்ஏஏ முழுக்க செயற்கை. செடியால் அதை எளிதில் உடைக்க முடியாது, அதனால் வீரியம் நீடிக்கும், ஆபத்தும் கூடவே வரும். அளவு மீறினால் குச்சியின் அடி கறுக்கும், இலை மஞ்சளாகி உதிரும், வேர் வந்தாலும் மொட்டு விரியாமல் அப்படியே நிற்கும். ஐபிஏவுக்கு மசியாத சில இனங்களில் இரண்டையும் கலந்து கொடுத்தால் பலன் கிடைப்பதுண்டு, அது வேறு விஷயம். என்ஏஏவின் உண்மையான களம் பழத்தோட்டம். ஆப்பிளில் பிஞ்சுப் பருவத்தில் தெளித்தால் அதிகப்படியான காய்கள் உதிரும். அறுவடைக்கு முன் தெளித்தால் அதே மருந்து காய் உதிர்வதைத் தடுக்கும். இவ்வளவு தூரம் நேரத்தைச் சார்ந்த பொருளைக் கவனமில்லாமல் கையாளவே கூடாது.

அடுத்த கேள்வி, பொடியா கரைசலா? பொடி சுலபம். ஆனால் ஒரு குச்சியில் அதிகம் ஒட்டும், அடுத்ததில் குறையும். தேவையானதைத் தனியாகக் கொட்டித் தொட்டு, மிச்சத்தைத் தட்டிவிட்டு, முதலிலேயே துளை போட்ட நடவுக் கலவையில் நட வேண்டும். டப்பாவுக்குள்ளேயே ஈரக் குச்சியை விட்டால் மொத்தப் பொடியும் கெட்டுப்போகும்.

எண்ணிக்கை அதிகம் என்றால் கரைசல்தான் சரி. அடிப்பாகத்தை 5 விநாடி முக்கினால் எல்லாக் குச்சிக்கும் ஏறக்குறைய ஒரே அளவு போகும். ஐபிஏவில் இளந்தண்டுக்கு 1,000 பிபிஎம் ஒட்டி, முற்றிய தண்டுக்கு 3,000 முதல் 5,000 வரை வைத்துக்கொள்ளலாம். 3,000 பிபிஎம் என்றால் லிட்டருக்கு 3 கிராம். ஐபிஏ தண்ணீரில் நேரடியாகக் கரையாது. முதலில் ஆல்கஹாலில் கரைத்து, அப்புறம் தண்ணீர் சேர்க்க வேண்டும். ஆல்கஹால் அதிகமானால் இளந்தண்டு கருகும் என்பதால், மென்மையான குச்சிகளுக்கு தண்ணீரிலேயே கரையும் பொட்டாசியம் உப்பு வடிவ ஐபிஏதான் என் தேர்வு. பயன்படுத்தாமல் மிஞ்சிய கரைசலை வெளிச்சம் படாமல் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். குச்சியை முக்கி எடுத்த கரைசலைத் திரும்ப பாட்டிலில் ஊற்ற வேண்டாம்.