பிள்ளைகளோடு ஊர்சுற்ற: காரா, ரயிலா?

திருநெல்வேலிக்காரர்களுக்கு லீவு நாளில் போக இடத்துக்குப் பஞ்சமில்லை. திருச்செந்தூர், குற்றாலம், பாபநாசம், கன்னியாகுமரி எல்லாமே காலையில் கிளம்பி ராத்திரி சாப்பாட்டுக்குத் திரும்பிவிடும் தூரம்தான். எதில் போவது என்பதில்தான் வீட்டுக்கு வீடு சண்டை. எங்கள் வீட்டில் வெகுகாலம் ரயில் கட்சிதான் ஆட்சியில் இருந்தது. பிறகு ஒரு பழைய கார் வாங்கினோம், நான் கட்சி மாறிவிட்டேன். அதனால் இந்த அலசலில் நடுநிலைமையைத் தேடாதீர்கள்.

பஸ்ஸைப் போட்டியிலேயே சேர்க்கவில்லை. வாந்தி எடுக்கிற பிள்ளையோடு சீசன் நேரத்துக் குற்றாலம் பஸ்ஸில் நின்றுகொண்டு போனவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

செலவென்று பார்த்தால் ரயில்தான், பேச்சே கிடையாது. 5 வயதுக்குள் டிக்கெட் இல்லை, 12 வரை தனிப் படுக்கை கேட்காதவரை அரை டிக்கெட். காரென்றால் பெட்ரோல், நாங்குநேரி சுங்கச்சாவடி, வருஷா வருஷம் இன்சூரன்ஸ், சர்வீஸ். கக்கூஸ் விஷயத்திலும் ரயிலுக்கே என் ஓட்டு. பெண் பிள்ளையை வைத்துக்கொண்டு பெட்ரோல் பங்க் பங்காக ஏறி இறங்கிப் பாருங்கள், தெரியும்.

இத்தனைக்குப் பிறகும் கார் ஜெயிப்பது ஒரே ஒரு காரணத்தால். நினைத்த இடத்தில் நிறுத்தலாம்.

சின்ன விஷயம் மாதிரித்தான் தெரியும். செங்கோட்டை பாசஞ்சரில் காருகுறிச்சி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் எல்லாம் வரும். பிள்ளைகள் ஜன்னல் வழியே எதையாவது பார்த்துவிட்டு “எப்பா, அது என்னது?” என்று கேட்பார்கள். நான் பதிலை யோசித்து முடிப்பதற்குள் வண்டி எடுத்துவிடும். அதே பக்கம் காரில் போனபோது பத்தமடையில் இறங்கினோம். கோரையை மயிரிழையாகக் கிழித்துப் பாய் நெய்கிற வீட்டில், கிழித்த கோரையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார் அங்கிருந்த ஆச்சி. கல்யாணப் பாயில் மாப்பிள்ளை, பொண்ணு பெயரை நெய்து தருவார்கள். என் மகள் தன் பெயரைப் போட்டு ஒன்று வேணும் என்றாள். “மாப்பிள்ளை பேரையும் சேத்துக் கொண்டா தாயி, நெய்ஞ்சு தாரேன்” என்றார் ஆச்சி. அன்றைக்கு முழுக்க அண்ணன்காரன் அவளை விடவில்லை.

பறவைகள் சரணாலயமான கூந்தன்குளமும் அப்படித்தான். நாங்குநேரி ஸ்டேஷனில் இறங்கி அங்கே போய்ச் சேருவதற்குள் பிள்ளைகளுக்கு ஆசையே போய்விடும். காரென்றால் மூலைக்கரைப்பட்டி வழியாக நேரே ஊருக்குள் போகலாம். சங்குவளை நாரைகள் குளத்தில் மட்டுமல்ல, தெரு மரங்களிலும் கூடு கட்டியிருக்கும். அவை அலகைத் தட்டுகிற சத்தம் கட்டையும் கட்டையும் மோதுவது போலக் கேட்கும். பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர் என்று சொன்னபோது என் பையன் நம்பவில்லை. அங்கே ஒருவரிடம் கேட்டு உறுதிசெய்த பிறகுதான் காரில் ஏறினான். எச்ச நாற்றத்துக்கு மூக்கைப் பிடித்த என் மகளுக்கு, அந்தக் குளத்து வண்டல்தான் வயலுக்கு உரம் என்ற சேதியும் அங்கேதான் கிடைத்தது. வீட்டில் உட்கார்ந்து சொல்லியிருந்தால் ஒன்றும் காதில் ஏறியிருக்காது.

ஆனால் நிறுத்துவதற்கு மனசு வேண்டும். நாலுவழிச் சாலையில் நூறில் பறந்தால் காருக்கும் ரயிலுக்கும் வித்தியாசமில்லை. சொல்லப்போனால் ரயிலாவது நாலு ஸ்டேஷனில் நிற்கும். தென்காசிக்கு ஆலங்குளம் வழி சீக்கிரம்தான். பிள்ளைகள் இருந்தால் நான் சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், கடையம் வழியைத்தான் பிடிப்பேன். நேரம் கூடும், வயலும் வாய்க்காலும் கூடவே வரும். நுங்குக் காலமென்றால் வழியில் நின்று, கையிலேயே சீவி வாங்கி, கட்டை விரலால் நோண்டிச் சாப்பிடலாம். சட்டைக் கறைக்கு வீட்டில் திட்டு உண்டு.

ஒரு கண்டிப்பு மட்டும். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்காரும் பழக்கம் நம்மிடம் அதிகம். 14 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாவிட்டால் 1000 ரூபாய் அபராதம் என்று 2019 சட்டத் திருத்தத்திலேயே இருக்கிறது. அபராதம் கிடக்கட்டும், சடன் பிரேக் போட்டால் மடி எதற்கு உதவும்?

சென்னைக்கென்றால் மறுபேச்சில்லாமல் ரயில். 600 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப்போய் இறங்குகிற அப்பனோடு பிள்ளைகள் என்ன பேச முடியும்? நெல்லை எக்ஸ்பிரஸில் படுத்தால் காலையில் எழும்பூர். 2023 செப்டம்பரிலிருந்து பகலில் வந்தே பாரத்தும் இருக்கிறது. கைக்குழந்தையோடு நெடுந்தூரம் நான் ஓட்டியதில்லை, மலைப்பாதை அனுபவமும் கம்மி. அதையெல்லாம் ஓட்டியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

செங்கோட்டை - புனலூர் தடத்தில்தான் எனக்கே குழப்பம். 1904-இல் ரயில் ஓடத் தொடங்கிய மலைவழி, அகலப்பாதையாகி 2018-இல் மீண்டும் திறந்தது. குகைக்குள் நுழையும்போது பெட்டியே கூச்சல் போடும். அது காரில் கிடைக்காது. ஆனால் கழுதுருட்டிப் பக்கம் பதிமூன்று கண் (வளைவு) ரயில் பாலத்தின் மேல் போகிறவர்களுக்குப் பாலத்தின் அழகு தெரியாது. கண்களை எண்ண வேண்டுமானால் கீழே சாலையில் நிற்க வேண்டும். பிள்ளைகளுக்கோ இரண்டும் வேண்டும். அடுத்த லீவுக்கு அம்மாவோடு அவர்கள் ரயிலில் வருவதாகவும், நான் காரை ஓட்டிப்போய்ப் பாலத்துக்குக் கீழே நின்று கை காட்டுவதாகவும் வீட்டில் தீர்மானமாகியிருக்கிறது. பெட்ரோல் செலவைப் பற்றி யாரும் பேசவில்லை.