வறுத்ததா, அவித்ததா, பொடியா?

மழை ஓய்ந்த மறுநாள் ஈசலைப் பிடித்து, இறகு போகப் புடைத்து, வாணலியில் வறுத்துப் பொரியோடு தின்றவர்களைக் கேட்டுப் பாருங்கள். மொறுமொறுவென்று ஆகிவிட்டால் அப்புறம் என்ன பயம் என்பார்கள். அந்த நம்பிக்கை பாதிதான் சரி. தின்கிற பூச்சியை வறுத்தோ, அவித்தோ, பொடியாக்கியோ சாப்பிடலாம்; கிருமிப் பயத்துக்கு எது மேல் என்பதுதான் கேள்வி.

கோழியையும் மீனையும் குடலெடுத்துச் சமைக்கிறோம். சுவர்க்கோழியையும் மாவுப்புழுவையும் குடலோடு தின்கிறோம். பச்சையாக ஒரு கிராமில் கோடிக்கணக்கில் பாக்டீரியா இருக்கலாம். அறுவடைக்கு முன் ஒரு நாள் பட்டினி போடும் வழக்கம் உண்டு. மாவுப்புழுவில் சோதித்தபோது அதனால் கிருமி பெரிதாகக் குறையவில்லை, குடல் காலியானதுதான் மிச்சம்.

2012இல் வெளியான ஒரு சோதனையில் ஐந்து நிமிடம் கொதிநீரில் போட்டதும் குடல்வகை பாக்டீரியா ஒழிந்தது. பத்து நிமிடம் வறுத்தும் முழுக்க ஒழியவில்லை. ஆகவே வறுக்கிறவர்களும் முதலில் ஒரு கொதி விட்டுவிடுவதுதான் நல்லது.

ஆனால் அவித்ததற்கும் ஒரு வில்லங்கம் உண்டு. உணவைக் கெடுத்து வயிற்றைப் படுத்தும் பேசில்லஸ் செரியஸ் போன்ற பாக்டீரியாக்களின் வித்துகள், அதாவது சூட்டைத் தாங்கி உறங்கும் வடிவம், கொதிநீருக்கு அசையாது. ஆறிய சோற்றை வெளியே வைத்தால் வரும் அதே வம்புதான். அவித்த பூச்சியில் ஈரமும் இருக்கிறது, போட்டிக்கு வேறு கிருமியும் இல்லை; வெதுவெதுப்பில் கிடந்தால் வித்துகள் முளைத்துப் பெருகும். அவித்துப் பையில் கட்டி வெயிலில் வைத்து விற்பதைவிட, உயிரோடிருந்ததை அப்போதே வறுத்துத் தின்பது மேல்.

பூச்சிப் பொடியில் வித்துகள் தூங்கும். தண்ணீர் விட்டுப் பிசைந்து போட்டுவைத்தால் எழும். அதே 2012 சோதனையில் மாவுப்புழு சேர்த்த மாவைப் புளிக்கவைத்தபோது குடல்வகை பாக்டீரியாவும் வித்துகளும் அடங்கின. தோசை மாவு புளிக்கவைக்கிற நமக்கு இது புதிதல்ல.

தள்ளுவண்டிப் பொரியலுக்குத்தான் என்னிடம் குறைந்த மதிப்பெண். தாய்லாந்தில் பொரித்த வெட்டுக்கிளியும் பட்டுக் கூட்டுப்புழுவும் தின்ற மாணவர்கள் ஹிஸ்டமின் நஞ்சால் படுத்தார்கள். பொரிப்பதற்கு முன்பே கெட்டிருந்தால், கிருமி செத்தாலும் அது விட்டுப்போன ஹிஸ்டமின் எண்ணெய்ச் சூட்டில் அழியாது. சட்டியில் போடுவதற்கு முந்தைய மணிநேரங்களில் எங்கே கிடந்தது என்பதை வாங்குகிறவர் பார்க்க முடியாது. 2024 ஜூலையில் 16 வகைப் பூச்சிகளை அனுமதித்த சிங்கப்பூர், காட்டில் பிடித்ததை விலக்கிப் பண்ணையில் வளர்த்ததை மட்டும் ஏற்றதும் இதனால்தான் என்று நினைக்கிறேன்.

நான் வாங்குவதானால் பண்ணையில் அவித்து உடனே உறையவைத்ததைத்தான் வாங்குவேன். வீட்டில் உறைநிலையிலிருந்து நேரே சட்டிக்கு. இறால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பூச்சியும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்; அவர்களுக்கு மட்டும் வறுத்தது, அவித்தது, பொடி மூன்றுமே வேண்டாம்.