விற்ற வண்டிக்குச் சுங்கப் பாக்கி: 7,350 ரூபாய் போன கதை

ஜனவரி கடைசியில், ஒரு வெள்ளி இரவிலும் மறுநாள் பகலிலுமாக 7,350 ரூபாயை யாரென்றே தெரியாத ஒருவனுக்குத் தூக்கிக் கொடுத்தேன். ஆறு மாதத்துக்கு முன்பே நான் விற்றுவிட்ட வண்டி சுங்கச்சாவடியில் கட்டணம் கட்டாமல் போய்விட்டதாம், அதற்கான அபராதமாம். சேலம் பக்கம் பழைய வண்டியைத் தரகர் மூலம் விற்றவர்கள், விற்க நினைப்பவர்கள் இதைப் பொறுமையாகப் படியுங்கள். வீட்டில் ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஊரும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஏற்காடு நாகலூரில் எங்களுக்குக் கொஞ்சம் காபி, அதற்கு நிழல் தரும் மரங்களில் மிளகு. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் மூட்டைகளோடு இறங்கி ஏறிக்கொண்டிருந்தது ஒரு பழைய மாருதி ஆம்னி. வயதாகிவிட்டது, வண்டிக்கும் எனக்கும். மகன் இணையத்தில் ஒரு விளம்பரம் போட்டான்: முன்பக்கப் படம், வண்டி எண் பளிச்சென்று தெரியும்படி, கீழே என் பெயரும் கைபேசி எண்ணும். இந்த விளம்பரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

விளம்பரத்தைப் பார்த்து வாங்க யாரும் வரவில்லை. 2025 ஜூலையில் சேலத்தில் ஒரு தரகரிடம் கொண்டுபோய் விட்டேன். மனிதர் பேச்சில் தேன். படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் வாங்குபவர் பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டு என் கையெழுத்தை வாங்கினார். "அண்ணா, பேர் மாற்றும் வேலையெல்லாம் நம்முடையது. நீங்கள் கையெழுத்தைப் போட்டுவிட்டு நிம்மதியாக மலை ஏறுங்கள்" என்றார். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, ஒரு தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டு, பஸ் ஏறிவிட்டேன். முன் கண்ணாடியில் ஊதா நிறத்தில் ஒட்டியிருந்த பாஸ்டேக் நினைவுக்கே வரவில்லை.

காலியான படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்வதற்குத் தரகர்களுக்கு ஒரு காரணம் இருக்கிறது. முதலில் தன் பெயருக்கு மாற்றி, பிறகு வாங்குபவர் பெயருக்கு மாற்றினால் இரண்டு முறை செலவு, இரண்டு முறை அலைச்சல். அதனால் வண்டி இரண்டு மூன்று கை மாறும்வரை காகிதங்கள் தரகரின் மேசை இழுப்பறையில் தூங்கும். அதுவரை அரசுப் பதிவேட்டில் அது உங்கள் வண்டி.

ஆகஸ்டில் வங்கியிலிருந்து குறுஞ்செய்திகள் வரத் தொடங்கின. வைகுந்தம், விஜயமங்கலம், கணியூர் என்று ஒவ்வொரு சாவடியாக என் பாஸ்டேக் கணக்கில் மிச்சமிருந்த பணம் கரைந்தது. யாரோ என் காசில் கோயம்புத்தூர் போய் வருகிறார். தரகரை அழைத்தேன். "சொல்லிவிடுகிறேன் அண்ணா" என்றார். இரண்டு முறை சொன்னார். நானூற்றுச் சொச்சம் ரூபாய்தானே, போகட்டும் என்று விட்டுவிட்டேன். பிறகு இருப்பு போதவில்லை என்று செய்தி வந்தது. இனி நமக்கென்ன என்று அதையும் அழித்துவிட்டேன். அந்தச் செய்தி வந்த அன்றே வங்கியைக் கூப்பிட்டிருந்தால் இந்தப் பதிவே இல்லை.

2026 ஜனவரியில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. சுங்கக் கட்டணம் பாக்கி இருக்கும் வண்டிக்குத் தடையில்லாச் சான்று கிடையாது, தகுதிச் சான்றைப் புதுப்பிக்க முடியாது, சரக்கு வண்டியாக இருந்தால் தேசிய அனுமதியும் கிடைக்காது. இதை நானும் செய்தித்தாளில் படித்தேன். எங்கோ உட்கார்ந்து இன்னொருவனும் படித்திருக்கிறான்.

சில நாள் கழித்து, இரவு 8.40க்கு அழைப்பு. சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். என் பெயரைச் சொன்னான். வண்டி எண்ணைச் சொன்னான். "வைகுந்தம் சுங்கச்சாவடியில் உங்கள் வண்டி கட்டணம் கட்டாமல் போயிருக்கிறது சார். கோப்பு எங்கள் வசூல் பிரிவுக்கு வந்துவிட்டது. புது விதி வந்திருக்கிறதே, பார்க்கவில்லையா?" என்றான். நான் பார்த்திருந்தேன். குறுஞ்செய்தியில் வைகுந்தமும் பார்த்திருந்தேன். இருப்பு போதாததையும் பார்த்திருந்தேன். அவன் மூன்று துண்டுதான் வைத்தான், மீதியை நானே கோத்துக்கொண்டேன்.

இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. சேலம் வண்டிக்காரரிடம் வைகுந்தம் என்றோ ஓமலூர் என்றோ சொன்னால் பெரும்பாலும் பொருந்திப்போகும். பெங்களூரு போனால் ஓமலூர், கோவை போனால் வைகுந்தம். குறி சொல்கிறவர் "உங்களுக்கு வயிற்றுக் கோளாறு உண்டு" என்று சொல்வது மாதிரிதான். பெயர், கைபேசி எண், வண்டி எண் மூன்றையும் எங்கள் விளம்பரமே ஊருக்கெல்லாம் அறிவித்துவிட்டது. விற்ற பிறகும் அதை நாங்கள் நீக்கவில்லை.

விற்றுவிட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். "பதிவில் உங்கள் பெயர்தானே இருக்கிறது?" என்று திருப்பிக் கேட்டான். வாயடைத்துவிட்டது. அதற்குப் பிறகு குரல் மாறியது. இன்று இரவுக்குள் கட்டாவிட்டால் நாளைக் காலை ஏற்காட்டுக்கு ஆள் வருவார்கள், வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டுவார்கள், அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். என்னைச் சாய்த்தது இந்த இடம்தான். அப்பா காலத்தில் வட்டிக்காரர் வாசலில் நின்று சத்தம் போட்டதையும், அம்மா பின்கட்டில் போய் நின்றதையும் பார்த்து வளர்ந்தவன் நான். 2,350 ரூபாயை யுபிஐ வழியாக அனுப்பினேன். திரையில் ஏதோ ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. கேட்டதற்கு "எங்கள் கணக்காளர் சார்" என்றான். அரசுக்குக் கட்டும் பணம் ஏன் ஒரு கணக்காளரின் சொந்தக் கணக்குக்குப் போக வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை.

சனிக்கிழமை முற்பகல் ஒரு பெண் குரல். மேலதிகாரியாம். நேற்றுக் கட்டியது அசல்தான், அபராதம் 5,000 நிற்கிறதாம், கட்டினால் இரண்டையும் சேர்த்து ரசீது வருமாம். போன 2,350க்கு ரசீதாவது கிடைக்கட்டும் என்று அதையும் கட்டினேன். ஏமாந்தவர்கள் பலரும் இரண்டாம் தவணையை இப்படித்தான் கட்டுகிறார்கள் என்று பிறகு தெரிந்தது.

மாலையில் வாட்ஸ்அப்பில் "நோட்டீஸ்" வந்தது. திறக்க முயன்றால், இதை நிறுவலாமா என்று கைபேசி கேட்கிறது. கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தபோது, சேலத்தில் படிக்கும் தம்பி மகள் விடுமுறைக்கு வந்திருந்தவள், கைபேசியைப் பிடுங்கிக்கொண்டாள். "பெரியப்பா, நோட்டீஸ் என்றால் காகிதமாக வரும், இல்லாவிட்டால் படமாக வரும். செயலியாக வருமா?" என்று கேட்டாள். அது ஏபிகே கோப்பு. நிறுவியிருந்தால் வங்கியிலிருந்து வரும் கடவு எண்களை என் கைபேசியிலிருந்தே அவர்கள் படித்திருப்பார்கள். காபிப் பழம் விற்ற பணம் முழுவதும் அந்தக் கணக்கில்தான் இருந்தது. என் மனைவி அப்போதுதான் முழுக் கதையையும் கேட்டாள். "ஏங்க, வண்டியை விற்றதே அவ்வளவுக்குத்தானே?" என்றாள். அவ்வளவுக்கில்லை, கொஞ்சம் கூடத்தான். ஆனாலும் அன்று இரவு யாரும் என்னோடு பேசவில்லை.

தம்பி மகள் உடனே 1930க்கு அழைத்தாள். இணைய மோசடிகளுக்கான தேசிய உதவி எண் அது. புகாரைப் பதிந்து ஓர் எண் தந்தார்கள். பணம் போன உடனே, முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் சொன்னால், அது வேறு கணக்குக்குத் தாவும் முன் முடக்கிவைக்க வாய்ப்பு அதிகம். என் முதல் தவணை போய் இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. இன்றுவரை ஒரு ரூபாயும் திரும்பவில்லை.

திங்கட்கிழமை மலை இறங்கினேன். வங்கிக் கிளையில், பாஸ்டேக் எங்கள் வேலை இல்லை, உதவி எண்ணை அழையுங்கள் என்றார்கள். உதவி எண்ணில் நாற்பது நிமிடம் வாத்திய இசை கேட்டேன். கடைசியில் பேசிய பெண் பொறுமையாகப் பார்த்துச் சொன்னார்: உண்மையான பற்றாக்குறை 85 ரூபாய். அதையும் டேக் வாங்கும்போது நான் கட்டிய காப்புத்தொகையிலிருந்து வங்கி எடுத்துக்கொண்டுவிட்டது. அதற்குப் பிறகு அந்த டேக்கில் எதுவும் நடக்கவில்லை, ஓட்டுபவர் சாவடியிலேயே கையிலிருந்து கட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். ஆக, 7,350 ரூபாய் அபராதம் கட்டிய எனக்கு இருந்த பாக்கி பூஜ்யம்.

வண்டிப் பதிவு விவரங்களுக்கான அரசுத் தளமான பரிவாகனில் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. கோவையில் சீட் பெல்ட் போடாமல் ஓட்டியதற்கு 1,000 ரூபாய் அபராதம், என் பெயரில். இது நிஜம். அதற்காக ஒருவனும் என்னை அழைக்கவில்லை, மிரட்டவில்லை. நிஜமான அபராதம் பதிவேட்டில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது.

அந்த அபராதச் சீட்டையும் ஆர்.சி. என்கிற பதிவுச் சான்றின் நகலையும் எடுத்துக்கொண்டு தரகர் கடைக்குப் போய் உட்கார்ந்தேன். "அண்ணா, இதெல்லாம் சகஜம்" என்றார். எனக்கு நேரம் இருக்கிறது என்றேன். இரண்டு மணி நேரம் இருந்தேன். வண்டி பார்க்க வந்த மூன்று பேரிடம், கேட்காமலேயே, என் கதையைச் சொன்னேன். மூன்றாவது ஆள் எழுந்து போனதும் தரகர் அபராதத்தைக் கட்டினார். பெயர் மாற்றமும் பத்து நாளில் முடிந்தது. ஆறு மாதமாக முடியாதது.

சட்டப்படி இது தரகரின் வேலை மட்டுமில்லை என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆவது பிரிவு, ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் விற்றவரே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. வாங்கியவருக்கு 30 நாள். தெரிவிக்காமல் விட்டால் சுங்கப் பாக்கியோடு போகாது. நவீன்குமார் எதிர் விஜய்குமார் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம், வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. என் ஆம்னி கணியூர் பக்கம் யார் மீதாவது மோதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது 7,350 ரூபாய் சின்னத் தொகையாகத்தான் தெரிகிறது.

சுங்க அபராதம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2026 ஜனவரியில் இருந்த விதிப்படி, செல்லுபடியாகும் பாஸ்டேக் இல்லாமல் சாவடிக்குப் போய் ரொக்கமாகக் கட்டினால் இரண்டு மடங்கு கட்டணம். 2025 நவம்பர் 15 முதல் யுபிஐயில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு. அதாவது 100 ரூபாய் கட்டணம் ரொக்கத்தில் 200, யுபிஐயில் 125. இந்தக் கூடுதல் தொகை சாவடியிலேயே முடிகிற கணக்கு. பாக்கி வைத்துவிட்டுப் போனால் அது வண்டியின் பதிவோடு ஒட்டிக்கொள்கிறது, சான்றிதழ் வாங்கப் போகும்போது வழியை மறிக்கிறது. ஜனவரித் திருத்தத்தின் பிடி அந்தச் சான்றிதழ்களில்தான், வீட்டுக் கதவில் இல்லை.

வசூல் பிரிவு என்று அவன் சொன்ன பேச்சும் அப்படித்தான். வங்கியில் நிஜமாகவே கடன் வாங்கித் தவணை தவறியவரைக்கூட, காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ வசூலுக்காக அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் சொல்லியிருக்கிறது. என்னை அழைத்தது 8.40க்கு. கடனே வாங்காத என்னை.

சந்தேகம் வந்தால் அழைத்தவன் தரும் இணைப்பைத் தொடாதீர்கள், நீங்களே போய்ப் பாருங்கள். தேசியப் பணப்பட்டுவாடா கழகத்தின் தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்தால் அதில் எந்த வங்கியின் பாஸ்டேக் இருக்கிறது, இயங்குகிறதா என்று காட்டும். போக்குவரத்து அபராதம் பரிவாகனில் தெரியும். பரிவாகன் முகவரி 'கவ்.இன்' (gov.in) என்று முடிகிறதா என்று எழுத்தெண்ணிப் பாருங்கள், அதே மாதிரிப் போலித் தளங்கள் உண்டு. நெடுஞ்சாலை உதவி எண் 1033. வண்டியை விற்கிற அன்றைக்கு, சாவியைக் கொடுக்கும் முன், பாஸ்டேக்கைக் கையால் கிழித்து எடுங்கள். அடுத்தவர் அதைப் பயன்படுத்த விதியில் இடமில்லை, அதனால் வருத்தப்பட வேண்டியதில்லை. கிழித்த கையோடு வங்கியிடம் கணக்கை மூடச் சொல்லுங்கள், மிச்சமும் காப்புத்தொகையும் திரும்ப வரும். எனக்கு, அந்த 85 போக, வந்துவிட்டது. வாங்கியவர் பெயர், முகவரி, ஒப்படைத்த தேதி, மணி எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். விளம்பரத்தையும் நீக்கிவிடுங்கள்.

சென்ற வாரம் மறுபடியும் ஓர் அழைப்பு. வேறு எண், வேறு குரல், அதே ஆம்னி. இந்த முறை ஓமலூர் சாவடியாம், 4,200 ரூபாயாம், கட்டாவிட்டால் நாளைக் காலை வீட்டுக்கே ஆள் வருவார்களாம். எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டேன். மூன்று பேர் என்றான். மிளகு பறிப்பு நடக்கிறது, ஏணி பிடிக்க ஆள் கிடைக்காமல் நான்கு நாளாக நிற்கிறது, ஏழு மணிக்கு முன்பே வந்துவிடச் சொன்னேன். இன்னும் யாரும் வரவில்லை.