மினி டவரா, ரிப்பீட்டரா, வைஃபை காலிங்கா? மெதுவான பிராட்பேண்ட் வீட்டுக்கு ஏற்றது எது

ஊருக்கு ஒதுக்குப்புறமாக இருக்கும் வீடுகளில் இரண்டு குறைகள் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும். வீட்டுக்குள் மொபைல் சிக்னல் நிற்காது. பிராட்பேண்டும் பல கிலோமீட்டர் செம்புக் கம்பியைக் கடந்து மெலிந்துதான் வந்து சேரும். முதல் குறையைத் தீர்க்க வாங்கிய பூஸ்டர் (வீட்டுக்குள் சிக்னலைக் கூட்டித் தரும் பெட்டி) இரண்டாவது குறையில் சிக்கித் திணறும்போது, பழுது பெட்டியிலா, லைனிலா, ரூட்டரிலா என்று யாருக்கும் தெரிவதில்லை. பெட்டியை மாற்றுவதற்கு முன், அதற்குப் போட்டியாக இருக்கும் மற்ற வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட வேண்டும். எது எதனால் கெடும் என்று தெரிந்தால் பழுதைப் பிடிப்பதும் எளிது.

வழிகள் நான்கு. முதலாவது ஃபெம்டோசெல் எனப்படும் மினி டவர். மொபைல் நிறுவனம் தரும் இந்தச் சிறு பெட்டியை ரூட்டரில் செருகினால், வீட்டுக்குள் ஒரு குட்டி டவராக நின்று அழைப்புகளை பிராட்பேண்ட் வழியே நிறுவனத்துக்கு அனுப்பும். இரண்டாவது ரிப்பீட்டர். வெளியே இருக்கும் டவர் சிக்னலை ஆன்டெனாவில் பிடித்து, பெருக்கி, உள்ளே விடும்; பிராட்பேண்ட் பக்கமே போகாது. மூன்றாவது வைஃபை காலிங். தனிக் கருவி வேண்டாம், போனே வைஃபை வழியாக அழைப்பை அனுப்பிக்கொள்ளும். நான்காவது, கூரை ஆன்டெனாவோடு இணைந்த 4ஜி ரூட்டர்.

என் தீர்ப்பை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வெளியே ஓரளவாவது சிக்னல் கிடைக்கிறது என்றால், மெதுவான லைனை நம்பி நிற்கும் எந்த வழியும் இரண்டாம் பட்சம்தான். வெளியேயும் சிக்னல் இல்லை என்றால் வைஃபை காலிங். மினி டவர் அதற்கும் அடுத்துத்தான் வரும். ஆனால் ஏற்கெனவே மினி டவர் வைத்திருப்பவர்கள் அதைக் கழற்றி எறிய வேண்டியதில்லை. கீழே சொல்லப்போகும் பழுதுகளில் பல வீட்டிலேயே சரிசெய்யக் கூடியவை.

முதலில் அளந்து பாருங்கள்

போனில் தெரியும் சிக்னல் கோடுகளை நம்ப வேண்டாம். எவ்வளவு சிக்னலுக்கு எத்தனை கோடு என்று பொது விதி எதுவும் கிடையாது. தயாரிப்பாளர்கள் அவரவர் விருப்பப்படி வைக்கிறார்கள். ஆண்ட்ராய்டு போன்களின் அமைப்புகளில் சிம் நிலை என்ற பகுதியில் டிபிஎம் (சிக்னல் வலிமையின் அளவு) கணக்கில் ஓர் எண் இருக்கும். 4ஜியில் மைனஸ் 90 என்றால் நல்ல சிக்னல், மைனஸ் 105 என்றால் சமாளிக்கலாம், மைனஸ் 115க்கும் கீழே போனால் அழைப்பு நிலைப்பது கடினம். கூரை மேல் ஒருமுறை, வாசலில் ஒருமுறை, அழைப்பு அறுந்துபோகும் அறையில் ஒருமுறை என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கூரைக்கும் அறைக்கும் அந்த எண்ணில் 20, அதாவது 20 டெசிபல், வித்தியாசம் இருந்தால், உள்ளே வருவதற்குள் சிக்னல் நூறில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது என்று பொருள். அப்படிப்பட்ட வீட்டில் குற்றவாளி சுவர்தான், டவர் அல்ல.

அடுத்தது லைன். எல்லோரும் டவுன்லோடு வேகத்தைத்தான் பார்க்கிறார்கள். பேச்சுக்கு அதைவிட முக்கியம் அப்லோடும் பிங் தாமதமும் (ஒரு சிறு செய்தி போய்த் திரும்ப ஆகும் நேரம்). பிங்கை இரண்டு முறை அளக்க வேண்டும்: லைனை யாரும் பயன்படுத்தாதபோது ஒருமுறை, ஒரு பெரிய கோப்பை மேலே ஏற்றிக்கொண்டிருக்கும்போது ஒருமுறை. முதலில் 40 மில்லிவினாடி காட்டியது இரண்டாவதில் 600க்குத் தாவினால், பழுதின் வேர் அங்கேதான் இருக்கிறது.

மினி டவரும் வைஃபை காலிங்கும்

பார்க்க வேறுவேறாக இருந்தாலும் இவை இரண்டும் போகும் பாதை ஒன்றுதான். இரண்டுமே ஐபிசெக் என்ற பூட்டிய சுரங்கத்தை பிராட்பேண்டுக்குள் அமைத்து, அதன் வழியாக மொபைல் நிறுவனத்தின் நுழைவாயிலை அடைகின்றன. யுடிபி 500, 4500 என்ற அதே இரண்டு போர்ட்டுகள்தான் (தரவு போய்வரும் எண்ணிட்ட வாசல்கள்) இரண்டுக்கும் வேண்டும். இதனால் ஒரு நல்ல சோதனை கிடைக்கிறது. மினி டவர் உயிர்பெறவில்லை என்றால், போனில் வைஃபை காலிங்கைப் போட்டுப் பாருங்கள். அதுவும் பதிவாகவில்லை என்றால் சந்தேகம் ரூட்டர் மீதோ லைன் மீதோதான். அது வேலை செய்து பெட்டி மட்டும் முரண்டு பிடித்தால், பெட்டிக்கே உரிய காரணங்களைத் தேட வேண்டும்.

அந்தக் காரணங்களில் முதன்மையானது கடிகாரம். மொபைல் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி விதிப்படி, வீட்டு மினி டவரின் அலைவரிசை பத்து லட்சம் பங்கில் 0.25 பங்குக்கு மேல் பிசகக் கூடாது. அவ்வளவு துல்லியத்துக்காகப் பல பெட்டிகள் இணையம் வழியே நேர சர்வரைக் கேட்டுக் கேட்டுத் தங்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்கின்றன. தாமதம் ஏறி இறங்கும் லைனில் இந்தத் திருத்தம் முடியவே மணிக்கணக்கில் ஆகலாம். பொறுமை இழந்து நடுவில் அணைத்தால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். முதல் முறை இயக்கும்போது, வீட்டில் யாரும் படம் பார்க்காத இரவில் செருகிவிட்டுக் காலையில் பார்ப்பதே நல்லது.

இரண்டாவது காரணம், பெட்டி இருக்கும் இடம். அலைவரிசை உரிமம் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், தான் எங்கே இருக்கிறோம் என்பதை உறுதிசெய்துகொள்ளாமல் பல பெட்டிகள் அலை பரப்பாது. ஜிபிஎஸ் உள்ள பெட்டியை ஜன்னலோரம் வையுங்கள். வீடு மாறினால் நிறுவனத்திடம் புது முகவரியைப் பதிய வேண்டியிருக்கும். அனுமதி பெற்ற எண்கள் பட்டியலில் உங்கள் எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் போன் அதில் ஒட்டவில்லை என்றால் பெட்டியின் தலைமுறையைக் கவனிக்க வேண்டும். பழைய மினி டவர்கள் பல 3ஜி மட்டுமே அறிந்தவை. நிறுவனம் 3ஜியை நிறுத்திவிட்டால் பெட்டியும் முடிந்தது. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனம் 2022 பிப்ரவரியிலேயே 3ஜியை மூடிவிட்டது. மற்ற நாடுகளிலும் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருகிறது. இன்று யாராவது பழைய மினி டவரைக் குறைந்த விலைக்குக் கொடுத்தால் இதை விசாரிக்காமல் வாங்காதீர்கள்.

இனி இரண்டுக்கும் பொதுவான பழுதுகள். லைன் மெதுவாக இருப்பதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டால் அப்படித் தெரியவில்லை. 3ஜியில் பேச்சைச் சுருக்கிச் சுமக்கும் ஏஎம்ஆர் கோடெக் என்ற முறைக்கு நொடிக்கு 12.2 கிலோபிட் போதும். நொடிக்கு 50 பாக்கெட் (தரவின் சிறு பொட்டலம்), ஒவ்வொன்றின் மேலும் சுரங்கத்துக்கான உறைகள் என்று சேர்த்தாலும், திசைக்கு 60 கிலோபிட்டை ஒட்டித்தான் வரும். 256 கிலோபிட் அப்லோடு உள்ள லைன்கூட இதைத் தாங்கும்.

தாங்காமல் போவது வரிசையால். அதே 256 கிலோபிட் லைனில் 1500 பைட் பாக்கெட் ஒன்று வெளியேற ஏறக்குறைய 47 மில்லிவினாடி பிடிக்கும். ஒரு போன் தன் புகைப்படங்களை மேகச் சேமிப்புக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறது, ரூட்டரில் அதன் பாக்கெட்டுகள் பத்து காத்திருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். குறுகிய மண்பாதையில் வைக்கோல் வண்டிகளுக்குப் பின்னால் மாட்டிய சைக்கிள் போல, உங்கள் குரலைச் சுமந்த சிறு பாக்கெட் அரை நொடி நின்றுவிடும். நல்ல உரையாடலுக்கு ஒரு திசையில் 150 மில்லிவினாடிக்கு மேல் தாமதம் கூடாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. ஒரே ஒரு புகைப்பட பேக்கப் அந்த எல்லையை மூன்று மடங்கு தாண்ட வைத்துவிடுகிறது.

அதனால் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: நீங்கள் பேசுவது அவர்களுக்கு விட்டுவிட்டுக் கேட்கிறதா, அவர்கள் பேசுவது உங்களுக்கா? முந்தையது என்றால் அப்லோடு வரிசை. பிந்தையது என்றால் டவுன்லோடு. ஏடிஎஸ்எல் எனப்படும் செம்புக் கம்பி பிராட்பேண்ட் லைன்களில் அப்லோடு மிகக் குறுகியது என்பதால் பெரும்பாலும் முந்தையதுதான் நேரும். மருந்து ரூட்டரில் இருக்கிறது. எஸ்க்யூஎம் என்ற வரிசை மேலாண்மை வசதி உள்ள ரூட்டராக இருந்தால், அதில் எஃப்க்யூ கோடெல் அல்லது கேக் என்ற முறையைத் தேர்ந்து, அப்லோடு வரம்பை லைனின் உண்மையான வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்துக்குள் வையுங்கள். கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012இல் வெளியிட்ட கோடெல் முறையின் வழிவந்தவை இவை. இலவசமான ஓபன்டபிள்யூஆர்டி மென்பொருளிலும் கிடைக்கின்றன. புதிய பூஸ்டர் வாங்குவதைவிட இந்த ஒரு மாற்றம் அதிகம் உதவும் என்று உறுதியாகச் சொல்வேன். ரூட்டரில் இந்த வசதி இல்லையென்றால், பேக்கப்புகளை இரவுக்குத் தள்ளி வைப்பதாவது செய்யலாம்.

பெட்டியோ போனோ பதிவாகும் கட்டத்திலேயே திரும்பத் திரும்பத் தோற்கிறது என்றால் பாக்கெட் அளவைச் சந்தேகியுங்கள். சுரங்கம் அமைக்கும்போது பரிமாறப்படும் சான்றிதழ்கள் பெரியவை. 1500 பைட்டைத் தாண்டித் துண்டுகளாக உடையக் கூடும். பிபிபிஓஇ (பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் முறை) லைனில் எல்லை 1492தான். சில ரூட்டர்களின் ஃபயர்வால் இந்தத் துண்டுகளைத் தாக்குதல் என்று எண்ணி வீசிவிடும். துண்டான பாக்கெட்டுகளைத் தடுக்கும் அமைப்பு இருந்தால் நீக்கிவிட்டுப் பாருங்கள். இணைய அழைப்புகளின் பாக்கெட்டுகளைத் திருத்தும் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற ரூட்டர் வசதியை அணைக்கச் சொல்லும் அறிவுரை அடிக்கடி கிடைக்கும். சுரங்கத்துக்குள் ஓடும் அழைப்பை அந்த வசதியால் பார்க்கவே முடியாது என்பதால், இங்கே அதனால் பயனில்லை.

பாதை ஒன்றாக இருந்தும் வைஃபை காலிங்கை மேலே வைக்கக் காரணம், அதற்குக் கடிகாரச் சிக்கலும் ஜிபிஎஸ் சிக்கலும் இல்லை, பழுதாக ஒரு பெட்டியும் இல்லை. ஆனால் மினி டவருக்கு ஒரு பலம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. அது ரூட்டரோடு கம்பியால் இணைந்திருக்கிறது. வைஃபை காலிங்கோ வீட்டு வைஃபையின் நெரிசலையும் கடக்க வேண்டும். இரண்டு சுவர் தள்ளி வைஃபை பலவீனமானால் குரலும் உடையும். வைஃபை காலிங் இல்லாத பழைய போன்கள் வீட்டில் இருந்தாலும் மினி டவருக்கே வாக்களிக்கலாம். வைஃபை காலிங்கில் அடிக்கடி வரும் இன்னொரு குறை, போன் மெலிந்த டவர் சிக்னலை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது. ஏர்பிளேன் மோடைப் போட்டு வைஃபையை மட்டும் திறந்தால் வேறு வழியின்றி வைஃபைக்கு மாறும்.

லைன் செயற்கைக்கோள் வழியாக வருகிறது என்றால் கணக்கு மாறும். 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் புவிநிலைச் செயற்கைக்கோளுக்கு ஏறி இறங்கவே ஒரு திசைக்கு 240 மில்லிவினாடி ஆகிவிடும். எந்த ரூட்டர் அமைப்பும் அதைக் குறைக்காது. சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் தாழ்வட்டச் செயற்கைக்கோள்களில் அந்தத் தடை இல்லை.

ரிப்பீட்டர்

லைன் எவ்வளவு மோசமாக இருந்தாலும் ரிப்பீட்டருக்குக் கவலையில்லை. அதன் பெரிய வெற்றி அது. கூரையில் மைனஸ் 95, அறையில் மைனஸ் 118 என்று அளந்தவருக்கு இதுவே சரியான விடை. கூரையிலேயே மைனஸ் 118 என்றால் வாங்காதீர்கள். இல்லாத சிக்னலை அது உண்டாக்காது, இரைச்சலையும் சேர்த்துத்தான் பெருக்கும்.

வைத்த பிறகு வரும் பழுது ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்: உள்ளே விட்ட சிக்னலை வெளி ஆன்டெனா திரும்பப் பிடித்து, மைக்கும் ஸ்பீக்கரும் அருகில் இருந்தால் வரும் ஊளை போல ஒரு சுழற்சி உண்டாகிவிடும். விளக்கு சிவந்து, பெட்டி தன் பெருக்கத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 65 டெசிபல் பெருக்கும் கருவிக்கு, இரண்டு ஆன்டெனாக்களுக்கும் இடையே அதைவிட 15 டெசிபலாவது அதிகமான தடுப்பு இருப்பது பாதுகாப்பு. 900 மெகாஹெர்ட்ஸில் 10 மீட்டர் வெற்றுவெளி தருவது 51 டெசிபல் மட்டுமே. மீதியைச் சுவரும் கூரையும் ஆன்டெனா திரும்பியிருக்கும் திசையும் தர வேண்டும். வெளி ஆன்டெனாவை உயர்த்தி, வீட்டுக்கு முதுகு காட்டி டவரை நோக்கி வையுங்கள். கேபிளையும் கவனியுங்கள், மெல்லிய ஆர்ஜி 58 கேபிளில் 10 மீட்டர் ஓடினால் 5 டெசிபல் வரை போய்விடும், அதாவது மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். பல நாடுகளில் அனுமதியில்லாமல் ரிப்பீட்டர் வைப்பது குற்றம். சுழற்சியில் சிக்கிய தரமற்ற கருவி ஒன்றால் அக்கம்பக்கத்தார் அனைவரின் அழைப்பும் கெடும் என்பதால் அந்த விதி நியாயமானதே. உங்கள் நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் ஏற்ற வகையை மட்டும் வாங்குங்கள்.

4ஜி ரூட்டர்

கூரையில் சிக்னல் கிடைத்து, இணையமும் வேகமாக வேண்டும் என்பவர்கள் ரிப்பீட்டரை விட இதைத்தான் பார்க்க வேண்டும். ஆன்டெனாவும் மோடமும் ஒன்றாக உள்ள வெளிப்புறக் கருவியாக வாங்கினால், கூரையிலிருந்து கீழே வருவது ஈதர்நெட் கேபிள் மட்டுமே. கோஆக்ஸ் (ஆன்டெனா கேபிள்) இழப்பு இல்லை. அதன் மேல் வைஃபை காலிங்கை ஓட்டினால் மெதுவான செம்புக் கம்பியைக் கைவிட்டே விடலாம். டவர் நெரிசலான மாலைகளில் வேகம் விழும் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

எதைத் தேர்ந்தாலும் மின்சாரம் போனால் நான்கும் போகும். ரூட்டருக்கும் பெட்டிக்கும் ஒரு சிறு யுபிஎஸ் வைத்தால் லைன் உயிரோடு இருக்கும்வரை பேசலாம். மினி டவரிலும் வைஃபை காலிங்கிலும் அவசர அழைப்புக்கு நீங்கள் பதிந்து வைத்த முகவரியே பயன்படலாம். அதை இன்றே திறந்து, சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.