அலாஸ்கா வாழ்வாதார வேட்டை விதிக் கையேடு: விலையில்லை, வேலை உண்டு

அலாஸ்காவின் கூட்டாட்சி அரசு நிலங்களில் பிழைப்புக்காக வேட்டையாடும் ஊரகவாசிகளுக்கென அமெரிக்க அரசு இலவசமாகத் தரும் விதிக் கையேட்டை, அதை நம்பிக் காட்டில் இறங்க வேண்டியவரின் கண்கொண்டு படித்துப் பார்த்தேன்.

இத்தகைய பிழைப்பு வேட்டைக்கு 1980ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் தந்த முன்னுரிமை இனத்தைப் பார்ப்பதில்லை, வசிப்பிடத்தைத்தான் பார்க்கிறது. ஆதலால் ஊரகத்தில் நிலையாகக் குடியிருக்கும் எவரும் அதைக் கோரலாம், அலாஸ்காவின் பெருநகரான ஆங்கரேஜில் வாழும் பழங்குடியினர் கோர முடியாது. இந்த முன்னுரிமை மாநில அரசியலமைப்புக்கு முரணானது என்று 1989இல் அலாஸ்கா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததால், 1990 முதல் கூட்டாட்சி நிலங்களில் இந்த வேட்டையைக் கூட்டாட்சி அரசே நிர்வகித்து வருகிறது. ஒரே காட்டுக்கு மாநிலத்துடையது, கூட்டாட்சியுடையது என இரண்டு விதித் தொகுப்புகள் வந்து சேர்ந்த கதை இதுதான்.

கையேட்டின் குறையும் அங்கிருந்தே தொடங்குகிறது. மாநிலம் 26 வேட்டைப் பிரிவுகளாக வகுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பிரிவிலும் எந்த விலங்கை, எந்த ஊரார், எத்தனை, எந்தத் தேதிக்குள் என்பது அட்டவணையாக இருக்கிறது. ஆனால் உட்பிரிவின் எல்லை 'இன்ன ஆற்றின் வடிநிலப் பகுதி' என்று சொல்லப்பட்டு, அடுத்த வரியில் 'எஞ்சிய பகுதி' என்று முடிந்துவிடுகிறது. வண்ண வரைபடங்கள் பார்வைக்கு நன்றாகவே உள்ளன. எனினும் மாநில நிலமும் பழங்குடியினருக்குச் சொந்தமான நிறுவனங்களின் நிலமும் இடையிடையே கலந்து கிடக்கும் இடங்களில், மூஸ் மான் நிற்பது எந்தப் பக்கம் என்பதை அந்த அளவுகோலில் தீர்மானிக்க இயலாது. எல்லையைத் தாண்டினால் கூட்டாட்சி அனுமதிச்சீட்டு செல்லாது.

எனக்கு மிகவும் பிடித்தது, பிறருக்காக வேட்டையாடுவதைப் பற்றிய பகுதி. தகுதியுள்ள ஒருவர் முதுமையாலோ வேறு காரணத்தாலோ போக முடியாதபோது, தகுதியுள்ள இன்னொருவர் அனுமதி பெற்று அவருக்காக வேட்டையாடலாம். பொதுவாக ஒரே வேளையில் இருவருக்கான அளவுக்கு மேல் கையில் வைத்திருக்கக் கூடாது. பகிர்ந்து உண்ணும் ஊர்களின் நடைமுறையை அறிந்தவர்கள் எழுதிய விதி இது. அது தெளிவாகவும் சொல்லப்பட்டிருக்கிறது.

மீன்பிடிக்குத் தனிக் கையேடு. கடல் பாலூட்டிகளுக்கும் ஹாலிபட் மீனுக்கும் வேறு விதிகள். பருவத்தின் நடுவே பிறப்பிக்கப்படும் சிறப்பு ஆணைகள் அச்சுப் பிரதியில் இருக்க வழியில்லை என்பதால், புறப்படுமுன் அப்பகுதி அலுவலகத்தைத் தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது.