தேர்வுக்கு ஏற்றது என்று சொல்லி என் தலையில் கட்டப்பட்ட வண்டி

மோட்டார் சைக்கிள் ஓட்டுநர் உரிமத் தேர்வுக்காகப் பழைய வண்டி ஒன்றை வாங்கப் போய், ஒரு விற்பனையாளரிடம் நான் ஏமாந்ததைப் பதிவு செய்கிறேன். இரண்டு முறை தேர்வில் தோற்ற பிறகே எனக்கு விஷயம் புரிந்தது.

"இப்போதுதான் பழகுகிறேன், எட்டுப் போட வசதியான வண்டி வேண்டும்" என்று முதலிலேயே தெளிவாகச் சொல்லியிருந்தேன். அவர் காட்டியது பந்தய வண்டியின் சாயலில், தாழ்ந்த ஹேண்டிலும் அகன்ற டேங்க்கும் கொண்ட 150 சிசி வண்டி. ஏறி உட்காரச் சொன்னார். இரண்டு பாதங்களும் தரையில் நன்றாகப் பதிந்தன. "கால் எட்டுகிறதே சார், வேறென்ன வேண்டும்?" என்றார். வண்டி சுவரை ஒட்டி நெருக்கமாக நிறுத்தப்பட்டிருந்ததால் ஹேண்டிலை முழுதாகத் திருப்பிப் பார்க்க இடமில்லை. ஓட்டிப் பார்க்கக் கொடுத்ததும் நேரான சாலையில்தான், அதுவும் அவரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு. எனக்கு அன்று எதுவும் உறுத்தவில்லை.

தேர்வில் எட்டின் முதல் வளைவிலேயே காலை ஊன்றிவிட்டேன். அடுத்த முறையும் அதே இடத்தில் அதே கதைதான். ஹேண்டிலை முழுதாக ஒடித்தால் கட்டைவிரல் டேங்க்கில் இடித்தது. வலப்பக்கம் திருப்பும்போது மணிக்கட்டு மடங்கி, நான் நினைக்காமலே ஆக்சிலரேட்டர் திருகிக்கொண்டது. இவ்வகை வண்டிகளில் ஹேண்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 30 பாகைதான் திரும்பும் என்பதையும், சாதாரண 100 சிசி வண்டிகள் பலவற்றில் அது 40 பாகையை ஒட்டியோ தாண்டியோ இருக்கும் என்பதையும் பிறகே அறிந்தேன். அந்தக் குறையை வண்டியைச் சாய்த்து ஈடுகட்டலாம். ஆனால் நடக்கிற வேகத்தில் வண்டியைச் சாய்க்கத் துணிகிறவர் புதியவராக இருக்க மாட்டார்.

இதுவரை என் அறியாமை என்றே வைத்துக்கொள்ளலாம். அடுத்தது அப்படியல்ல. மெக்கானிக் ஒருவர் முன்சக்கரம் தரையில் படாதபடி வண்டியைத் தூக்கி நிறுத்தி, ஹேண்டிலை ஒற்றை விரலால் மெதுவாகத் தள்ளச் சொன்னார். தள்ளினேன். வழுக்கிக்கொண்டு வந்த ஹேண்டில் சரியாக நடுவில், பள்ளத்தில் விழுந்ததுபோல் 'டக்' என்று நின்றது. ஹேண்டில் தண்டைத் தாங்கித் திரும்ப வைக்கும் குண்டு பேரிங்கான கோன்செட்டில், குண்டுகள் உட்காரும் தடம் குழிந்துபோயிருந்தது. இப்படிப்பட்ட வண்டி மெதுவாகப் போகும்போது சிறு திருத்தங்களுக்கு இணங்காமல் நடுவில் பிடித்துக்கொள்ளும். விடுவிக்கக் கொஞ்சம் அழுத்தினால் தேவைக்கு மேல் திரும்பிவிடும். அதை என் கையின் நடுக்கம் என்று நம்பி எத்தனை நாள் பயிற்சி செய்தேன் என்று நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

விற்பனையாளரிடம் திரும்பிப் போய்க் கேட்டபோது, "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிச் சிரித்தார். கோன்செட் தேய்மானப் பொருள், அதற்குத் தான் பொறுப்பில்லை என்றார். தேய்மானப் பொருள் என்பது உண்மைதான், ஆனால் தேய்ந்திருந்ததை விற்கும்போது சொல்லியிருக்க வேண்டும்.

ஆகவே தேர்வுக்கென வண்டி வாங்குகிறவர்கள் கால் எட்டுவதோடு திருப்தி அடைய வேண்டாம். வண்டியைத் திறந்த வெளிக்குக் கொண்டுவரச் சொல்லி, இரு பக்கமும் கடைசிவரை ஹேண்டிலைத் திருப்பி, விரல்கள் எங்கும் இடிக்காமல் கிளட்சைப் பிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். பிறகு முதல் கியரில், ஆக்சிலரேட்டரைத் தொடாமல், பாதிக் கிளட்சில் சிறு வட்டம் போட்டுப் பாருங்கள். நின்று நின்று போகும் வண்டி எட்டுக்கு ஆகாது. தாழ்ந்த இருக்கை கொண்ட குரூஸர் வகையும் புதியவரை எளிதில் மயக்கும், ஆனால் சக்கரங்களுக்கு இடையே அதிக நீளம் இருப்பதால் அதற்குத் திரும்ப அகலமான இடம் வேண்டும்.

மூன்றாம் முறை நண்பரின் 100 சிசி வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். எட்டைப் போட்டு முடிக்கும்வரை காலை ஊன்றவே இல்லை. நான் வாங்கிய வண்டி கோன்செட் மாற்றப்பட்டு வீட்டில் நிற்கிறது. அதில் இன்றும் ஒரே வீச்சில் என்னால் யூ-டர்ன் எடுக்க முடியவில்லை.