கூரை சொட்டினால் யார் பொறுப்பு? வீவக வீடு, கொண்டோ, தரைவீடு, தங்குவிடுதி: ஓர் ஒப்பீடு

சிங்கப்பூரில் தண்ணீரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு உடனே மலேசியாவின் ஜொகூரிலிருந்து தண்ணீர் வாங்கும் ஒப்பந்தம், புதுநீர் (சுத்திகரித்த கழிவுநீர்), கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை என்று பெரிய விஷயங்களுக்குப் போய்விடும். அதெல்லாம் சரி. ஆனால் குளியலறைக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும்போது நமக்கு வேண்டியது ஒரே ஒரு பதில்தான்: இதை யார் பார்க்க வேண்டும்? நீங்கள் எந்த மாதிரி வீட்டில் இருக்கிறீர்களோ, அதற்குத் தக்கபடி அந்தப் பதில் மாறும். வீடு பார்க்கப் போகும்போது எம்ஆர்டி எவ்வளவு தூரம், நல்ல பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கிறதா என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்கிறோம். இதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

முதலில் வாசலுக்கு வெளியே. அங்கே நிலைமை எளிது. பொதுப் பயனீட்டுக் கழகம் 1963இல் தொடங்கியபோது மின்சாரம், எரிவாயு, தண்ணீர் மூன்றும் அதன் கையில் இருந்தன. மின்சாரமும் எரிவாயுவும் 1995இல் சிங்கப்பூர் பவரிடம் போயின. சுற்றுப்புற அமைச்சின் கீழ் இருந்த சாக்கடை, வடிகால் பொறுப்புகள் 2001இல் கழகத்திடம் வந்து சேர்ந்தன. அன்றிலிருந்து வானத்திலிருந்து விழும் மழை, குழாயில் வரும் தண்ணீர், கழிப்பறையில் போகும் தண்ணீர் எல்லாம் ஒரே அமைப்பின் கணக்கு. 2003இல் புதுநீர் பொதுப் பயன்பாட்டுக்கு வந்து இவ்வளவு சீராக வளர்ந்ததற்கு இந்த இணைப்பும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கழிவுநீரை வாங்குகிறவர் ஒருவர், குடிநீரைக் கொடுக்கிறவர் வேறொருவர் என்று இருந்திருந்தால், சுத்தம் செய்த தண்ணீரின் தரத்துக்கு யார் கையெழுத்துப் போடுவது என்ற பேச்சிலேயே பல வருடம் ஓடியிருக்கும்.

சென்னையை நினைத்துப் பாருங்கள். குடிநீரும் கழிவுநீரும் 1978இல் அமைந்த சென்னைக் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. தெருவோர மழைநீர் வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு. பெரிய ஏரிகள் நீர்வளத் துறையிடம். கனமழை பெய்து தெருவில் நிற்கும் தண்ணீரில் சாக்கடையும் கலந்துவிட்டால், அது யாருடைய தண்ணீர்? சொந்தக்காரர்களைப் பார்க்க டிசம்பரில் ஊருக்குப் போய்வரும் நம்மில் பலருக்கு இந்தக் கேள்வி புதிதில்லை.

அதற்காக இங்கே எல்லாம் தெளிவு என்று மார்தட்டிக்கொள்ளவும் முடியாது. 2014 தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் ஒரு மீன் உருண்டைக் குச்சிக் கதை சொன்னார். புக்கிட் கோம்பாக்கில் ஒரு பாதையோரம் யாரோ போட்டுவிட்டுப் போன குச்சி அது. அந்த இடத்தில் சரிவு நில ஆணையத்துடையது, நடுவில் இருக்கும் பூங்கா இணைப்புப் பாதை தேசியப் பூங்காக் கழகத்துடையது, சாலையோர நடைபாதை நிலப் போக்குவரத்து ஆணையத்துடையது. ஒரு குச்சியை எடுக்க இத்தனை வாரியம்! அந்த வருடம்தான் நகராண்மைச் சேவைகள் அலுவலகம் வந்தது, அதற்கடுத்த வருடம் ஒன்சர்விஸ் செயலி. யாருடைய இடம் என்று நாம் கண்டுபிடிக்கத் தேவையில்லை, படம் எடுத்து அனுப்பினால் போதும், சேர வேண்டிய இடத்துக்கு அவர்கள் சேர்ப்பார்கள். அடைத்த லோங்காங்குக்கும் (வடிகாலுக்கும்) இதே வழிதான்.

ஆனால் செயலியின் கை வீட்டுக் கதவு வரைதான் நீளும். உள்ளே வேறு கதை.

வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீட்டில், பொறுப்பைப் பிரித்துக்கொள்பவர்கள் மூன்று நான்கு பேர். பொதுப் பயனீட்டுக் கழகம் தண்ணீரைப் புளோக் வரை கொண்டுவருகிறது. அதை மேலே ஏற்றும் பம்பும் மொட்டைமாடித் தொட்டியும், பொது இடங்களைப் பார்த்துக்கொள்ளும் நகர மன்றத்தின் பராமரிப்பு. நாம் மாதாமாதம் கட்டும் பராமரிப்புக் கட்டணம் அதற்கும் சேர்த்துத்தான். தொட்டியை வருடத்துக்கு ஒரு முறையாவது திறந்து பார்த்து, கழுவி, கிருமி நீக்கி, தண்ணீரைச் சோதித்தாக வேண்டும் என்பது சட்டம். வீட்டு மீட்டரைத் தாண்டிய குழாய் வீட்டுக்காரருடையது. பில் எஸ்பி (சிங்கப்பூர் பவர்) பெயரில் வருவதால் தண்ணீர் வரவில்லை என்றால் சிலர் எஸ்பியைக் கூப்பிடுகிறார்கள். அவர்கள் வசூலிப்பவர்கள் மட்டுமே.

கழிவுநீரில்தான் குழப்பம் அதிகம். குளியலறை மூலையில் தரையிலிருந்து கூரை வரை நிற்கும் தடித்த குழாய் உங்கள் வீட்டுக்குள் இருந்தாலும் உங்களுடையதில்லை. எல்லா மாடிக்கும் பொதுவானது, நகர மன்றம் பார்க்க வேண்டியது. அது அசிங்கமாக இருக்கிறது என்று ரெனவேஷன் சமயத்தில் பலர் பெட்டி கட்டி டைல்ஸ் ஒட்டி மறைத்துவிடுகிறார்கள். திறந்து பார்க்க ஒரு சிறு கதவுகூட வைப்பதில்லை. பிறகு அடைப்பு வரும்போது யார் உடைப்பது, யார் திரும்பக் கட்டுவது என்று வாக்குவாதம். மாறாக, உங்கள் ஃப்ளோர் டிராப்பில் (குளியலறைத் தரை வடிகாலில்) முடி அடைத்திருந்தால் நகர மன்றம் வராது. பிளம்பரை நீங்கள்தான் கூப்பிட வேண்டும்.

சரி, கூரைக்கு வருவோம். ஈசூனில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். குளியலறைக் கூரையில் கையளவு மஞ்சள் கறை. முதலில் பெயின்ட் உரிந்தது, அப்புறம் கழிப்பறைத் தொட்டி மூடி மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். வீட்டுக்காரர் மேல்வீட்டு மலாய் அம்மாவிடம் போய், "மக்சிக், உங்க பாத்ரூம் தண்ணி எங்க வீட்டுல இறங்குது" என்று பாதி மலாயில் சொன்னார். அந்த அம்மா தன் குளியலறைத் தரையைக் காட்டினார். காய்ந்து கிடந்தது! இருவர் சொன்னதும் உண்மைதான். டைல்ஸுக்கு அடியில் இருக்கும் நீர்த்தடுப்புப் பூச்சு வயதாகி விட்டுப்போனால் மேலே ஒன்றும் தெரியாது; தண்ணீர் கான்கிரீட்டுக்குள் ஊறி, வழி கிடைத்த இடத்தில் கீழே எட்டிப் பார்க்கும். மேல்தரையில் தண்ணீரைத் தேக்கிவைத்துச் சோதித்துப் பார்த்தபிறகே விஷயம் தெளிவானது.

இங்கே வீவகவின் விதி பலருக்கு எரிச்சலூட்டும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கும் கான்கிரீட் பலகைக்கு மேல்வீடும் கீழ்வீடும் கூட்டுப் பொறுப்பு. நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தின்கீழ் செய்தால் செலவில் பாதியை வீவக ஏற்கும், மீதியில் ஆளுக்குக் கால் பங்கு. "என் தலையில சொட்டுது, நான் ஏன் காசு குடுக்கணும்?" என்று அந்த ஈசூன் நண்பர் குதித்தார். எனக்கு அந்த விதி புத்திசாலித்தனமாகவே படுகிறது. தப்பு யாருடையது என்று தேடிக்கொண்டிருந்தால் வருடக்கணக்கில் சொட்டும். பங்கை முன்கூட்டியே பிரித்துவிட்டதால் சண்டை போட விஷயம் குறைகிறது. விதியின் குறை வேறிடத்தில்: மேல்வீட்டார் கதவைத் திறக்க வேண்டும், வேலைக்கு ஒத்துக்கொள்ள வேண்டும். அவர் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வெளிநாட்டில் இருந்தால் கால் பங்கு விதி காகிதத்தில்தான் இருக்கும்.

புது வீட்டுக்காரர்களுக்கு இன்னும் ஒரு வசதி. குளியலறை, சமையலறைக் கூரைக் கசிவுக்கு ஐந்து வருட உத்தரவாதம் உண்டு. ஆனால் முதல் மூன்று வருடம் குளியலறைத் தரை டைல்ஸைப் பெயர்க்கக் கூடாது என்கிறார்கள். அதைப் பெயர்த்தால் பூச்சும் போய்விடும். பழைய புளோக்குகளில் வீட்டு மேம்பாட்டுத் திட்டம் வரும்போது கழிவுநீர்ப் பொதுக்குழாயை மாற்றுவது கட்டாய வேலைகளில் ஒன்று. குடிமக்கள் வீடுகளுக்கு அந்தச் செலவு முழுவதும் அரசாங்கத்துடையது. ஆனால் புளோக்கில் தகுதியுள்ள வீடுகளில் 75 விழுக்காடு ஆதரித்து வாக்களித்தால்தான் திட்டமே வரும்.

கொண்டோவில், அதாவது தனியார் அடுக்குமாடி வீட்டில், சட்டம் வேறு மாதிரி யோசிக்கிறது. 2004ஆம் ஆண்டின் கட்டடப் பராமரிப்பு, அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி, கூரை கசிந்தால் குறை மேல்வீட்டில் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது மேல்வீட்டார் வேலை. கீழே இருப்பவருக்கு இதைவிட நல்ல விதி கிடையாது, கேட்கவே இனிக்கும்! நடைமுறையில்தான் இழுபறி. கசிவு பொதுக்குழாயிலிருந்து என்றால் அது எம்சிஎஸ்டி எனப்படும் நிர்வாகக் கழகத்தின் தலையில் விழும்; ஆகவே மேல்வீட்டார் முதலில் பொதுக்குழாயைத்தான் கைகாட்டுவார். மேனேஜிங் ஏஜென்ட் "மன்றக் கூட்டத்தில் வைக்கிறேன்" என்பார். ஆளுக்கொரு பிளம்பர் அறிக்கை, இரண்டும் ஒன்றுக்கொன்று முரண். முடியாவிட்டால் அடுக்குமாடி உரிமை வாரியத்துக்குப் போகலாம், அங்கேயும் முதலில் சமரசப் பேச்சு. பாதிச் செலவை ஏற்க ஒரு வீவக இங்கே கிடையாது. வாங்குவதற்கு முன் கடைசி சில வருட ஏஜிஎம் (ஆண்டுப் பொதுக்கூட்ட) குறிப்புகளை வாங்கிப் படியுங்கள். நீச்சல் குளத்துக்கு விளக்குப் போடுவது பற்றி நாலு பக்கமும் குழாய் மாற்றுவது பற்றி இரண்டு வரியும் இருந்தால், சிங்கிங் ஃபண்ட் (பெரிய பழுதுகளுக்குச் சேர்த்துவைக்கும் நிதி) எதற்குப் போகிறது என்று புரிந்துவிடும்.

தரைவீட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எல்லை கோடு போட்ட மாதிரி இருக்கிறது. தண்ணீருக்கு மீட்டர். கழிவுநீருக்கு வீட்டு எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் கடைசிச் சோதனைத் தொட்டி: அதுவரை, அதையும் சேர்த்து உங்களுடையது, அதற்கப்பால் பொதுப் பயனீட்டுக் கழகத்துடையது. அடைப்பு வந்தால் அந்தத் தொட்டி மூடியைத் திறந்து பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். நிரம்பி நின்றால் பெரும்பாலும் வெளியே, காலியாக இருந்தால் உள்ளே. கூப்பிட வேண்டிய ஆள் உடனே முடிவாகிவிடும், மாமரத்து வேர் குழாய்க்குள் போயிருந்தால் பில்லும் முழுசாக உங்களுக்கே.

வாடகைக்கு இருப்பவருக்கு இந்த விதிகளெல்லாம் இரண்டாம் கை. மேல்வீடு, கீழ்வீடு என்று சட்டமும் விதியும் பேசுவது உரிமையாளரை. சிறு பழுதுக்கு இவ்வளவு வெள்ளி வரை குடியிருப்பவர் செலவு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும், கூரைக் கசிவு அந்தச் சிறு பழுதில் சேராது என்பதைக் கையெழுத்துப் போடும்போதே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் வீவகதான். பணம் ஒரு காரணம், ஆனால் அது மட்டுமில்லை. தரைவீட்டில் பொறுப்பு தெளிவு, துணைக்கு ஆள் இல்லை. கொண்டோவில் சட்டம் என் பக்கம், ஆனால் சட்டத்தை நகர்த்த நான் அலைய வேண்டும். வீவகவில் யாருக்கு எவ்வளவு என்பது சண்டைக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறது, பாதிச் சுமையைத் தாங்கும் ஒருவர் மேசையில் உட்கார்ந்திருக்கிறார்.

இந்த மூன்றும் பணத்துக்குத் தக்கபடி நாமே தேர்ந்தெடுப்பவை. நாலாவது இருப்பிடத்தை அங்கே தங்குபவர் தேர்ந்தெடுப்பதில்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்து கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்யும் தம்பிகளின் தங்குவிடுதியில் காகிதத்தில் பார்த்தால் பொறுப்பு மிகத் தெளிவு. தகுந்த தங்குமிடம் தருவது முதலாளியின் சட்டக் கடமை. இடத்தைச் சுத்தமாக வைப்பது உரிமம் பெற்ற நடத்துநரின் கடமை. இரண்டையும் கண்காணிப்பது மனிதவள அமைச்சு. முன்பு 1,000 படுக்கையும் அதற்கு மேலும் உள்ள விடுதிகளுக்கே இருந்த உரிமச் சட்டம், 2023 ஏப்ரலிலிருந்து ஏழு படுக்கை உள்ள இடத்துக்கும் பொருந்துகிறது.

ஆனால் படுக்கை வாடகையைக் கட்டுவது முதலாளி. அதனால் நடத்துநருக்கு வாடிக்கையாளர் முதலாளிதான், கழிப்பறை வரிசையில் நிற்கும் தம்பி இல்லை. விடியற்காலையில் லாரி கிளம்பும் முன் பல்துலக்கிக் குளித்து முடிக்க வேண்டிய நேரத்தில் ஒரு கழிப்பறை அடைத்துக்கொண்டால், அந்தச் சங்கடம் வாடகை கட்டுகிறவரைத் தொடுவதே இல்லை. கொண்டோவில் ஏஜிஎம் உண்டு, வீவகவில் வாக்கெடுப்பு உண்டு. இங்கே புகார் மட்டும். அமைச்சிடம் நேரடியாகப் புகார் செய்யலாம், ஆனால் வேலை அனுமதி முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டிருக்கும்போது முதல் புகாரை யார் போடுவது என்று தயங்குவது இயல்பு.

கொவிட்டுக்குப் பிறகு 2021இல் அறிவித்த புதுத் தரத்தில், 15 பேருக்கு ஒன்று என்றிருந்த கழிப்பறை, குளியலறை, கைகழுவும் தொட்டித் தொகுதி ஆறு பேருக்கு ஒன்று என்றானது. அறையோடு சேர்ந்தே இருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். என்னைக் கேட்டால் எண்ணிக்கை குறைந்ததைவிட இதுதான் பெரிய மாற்றம். பொதுக் கழிப்பறை என்றால் அது யாருக்கும் சொந்தமில்லை. அறைக்குள் இருந்தால் அந்த அறையில் தங்குகிறவர்களுக்குள் முறை வைத்துக் கழுவிக்கொள்ளலாம், கெட்டால் எந்த அறை என்று நடத்துநரிடம் எண்ணைச் சொல்லலாம். இது புதிதாகக் கட்டும் விடுதிகளுக்கு. பழைய விடுதிகள் 2030க்குள் இடைக்காலத் தரத்துக்கும் 2040க்குள் முழுத் தரத்துக்கும் வர வேண்டும் என்பது திட்டம். அதுவரை பழைய விடுதியில் இருப்பவர்கள் கெட்ட கழிப்பறையைத் தேதியோடு படம் எடுத்து, நடத்துநருக்கும் கம்பெனி மேற்பார்வையாளருக்கும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் போட்டு வையுங்கள். "எனக்குத் தெரியாது" என்று ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவது அப்போது கொஞ்சம் கஷ்டம்.